காகிதம் இல்லாத எழுத்து: ஜீன் ஹாவெஸும் மௌனப்பட நகைச்சுவையும்

மௌனப்பட நகைச்சுவையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நடிகரில் தொடங்கி நடிகரிலேயே முடித்துவிடுகிறார்கள். சாப்ளின், கீட்டன், லாயிட் என்ற மூன்று பெயர்களுக்குள் எல்லாமே அடங்கிப்போகிறது. பேச்சே இல்லாத படத்துக்கு எழுத்தாளர் எதற்கு என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம். ஆனால் பஸ்டர் கீட்டன் 1923 செப்டம்பருக்கும் 1925 மார்ச்சுக்கும் இடையே வெளியிட்ட ஐந்து முழுநீளப் படங்களிலும் ஜீன் ஹாவெஸ், ஜோசப் மிட்செல், கிளைட் பிரக்மன் என்ற மூவரின் பெயர்கள் எழுத்தாளர்களாக வருகின்றன. இவர்களில் ஹாவெஸ் அதற்கு முன்பே வாடெவில் என்ற பல்சுவை மேடைகளுக்குப் பாட்டும் வசனமும் எழுதிப் பெயர் வாங்கியவர். சொல்லை விற்றுப் பிழைத்த ஒருவர் சொல்லுக்கு இடமில்லாத தொழிலுக்குப் போனபோது எதைக் கொண்டுபோனார், எதை இழந்தார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் அவர் புறப்பட்ட இடம். 1881-இல் நியூயார்க்கின் பதினான்காம் தெருவில் டோனி பாஸ்டர் தம் அரங்கைத் திறந்து, குடும்பத்தோடு வந்து பார்க்கும்படியான பல்சுவை நிகழ்ச்சி என்று விளம்பரம் செய்தார். கொஞ்ச காலத்தில் பாஸ்டனில் பி. எஃப். கீத் அதையே இடைவெளியில்லாத காட்சியாக மாற்றி, ஊர் ஊராக அரங்குச் சங்கிலி ஒன்றைக் கட்டினார். ஒரு காட்சியில் எட்டு ஒன்பது உருப்படிகள் இருக்கும். கழைக்கூத்து, பாட்டு, நாய் வித்தை, தனி ஆள் பேச்சு, குட்டி நாடகம் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். அந்தக் கால் மணி நேரச் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கலைஞர் வருடக்கணக்கில் ஊர் சுற்ற முடியும் என்பதால் நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைத்தது. எழுதிக்கொடுப்பவர் ஒரே தொகையாக விற்கலாம். இல்லையென்றால் வாரக்கூலியாகப் பெறலாம். ஜேம்ஸ் மேடிசன் என்பவர் துணுக்குகளையும் தனிப்பேச்சுகளையும் தொகுத்து 'மேடிசன்ஸ் பட்ஜெட்' என்ற இதழாகவே போட்டு, பிரதி ஒரு டாலருக்கு விற்றார். 1915-இல் பிரெட் பேஜ் வாடெவிலுக்கு எழுதுவது எப்படி என்று கனமான ஒரு கையேடே வெளியிட்டார். அந்த அளவுக்கு இது நிலைபெற்ற தொழில்.

திருட்டும் அதே அளவுக்கு நிலைபெற்றிருந்தது. சிகாகோவில் கேட்ட துணுக்கை அடுத்த வாரம் கிளீவ்லாந்தில் தன்னுடையதாகச் சொல்பவரைத் தடுக்க வழியில்லை. 1916-இல் உருவான தேசிய வாடெவில் கலைஞர் சங்கம் இதற்கு ஒரு ஏற்பாடு செய்தது. சரக்கை எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்துச் சங்கத்தில் ஒப்படைக்கலாம்; தகராறு வந்தால் உறையைப் பிரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். இந்த உறையை மறக்க வேண்டாம். நகைச்சுவைக்கு உரிமையாளர் உண்டு, அந்த உரிமைக்குச் சான்று காகிதம் என்பதே அதன் பொருள்.

1869-இல் பால்டிமோரில் பிறந்த ஹாவெஸ் இந்த உலகின் மனிதர். லூ டாக்ஸ்டேடரின் குழுவுக்கு எழுதினார். வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பரைக் கேலி செய்யும் மின்ஸ்ட்ரல் குழு அது. அமெரிக்க மேடை நகைச்சுவையின் பெரும்பகுதி இந்தச் சேற்றில்தான் வேர்விட்டது என்பதை மழுப்ப வேண்டியதில்லை. 1905-இல் டாக்ஸ்டேடர் பாடிப் பரப்பிய 'எவ்ரிபடி வொர்க்ஸ் பட் ஃபாதர்' ஹாவெஸின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. வீட்டில் எல்லோரும் உழைக்க, அப்பா மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பதே பாட்டின் சங்கதி. தனித்தனித் துணுக்குகளைக் கோத்த பாட்டல்ல அது. ஒரு நிலைமையை நிறுத்திவைத்து அதிலிருந்து சிரிப்பைக் கறக்கிறது. பிற்காலத்தில் அவர் செய்த வேலைக்கான அடையாளம் இங்கேயே தெரிகிறது என்பது என் கருத்து.

1914-இல் ஹாவெஸ் வரிகள் எழுதிய 'தி டார்க்டவுன் போக்கர் கிளப்' என்ற பாட்டைப் பெர்ட் வில்லியம்ஸ் பாடிக் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். வில்லியம்ஸ் அன்றைய கறுப்பினக் கலைஞர்களில் தலைசிறந்தவர். சீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற மேடை நிகழ்ச்சியில் வெள்ளை நடிகர்களோடு சேர்ந்து மேடையேறியவர். சீட்டாட்டத்தில் தொடர்ந்து தோற்பவன் ஒருவனின் புலம்பல் இந்தப் பாட்டு. இதே வில்லியம்ஸ் 1916-இல் பயோகிராஃப் நிறுவனத்தின் 'எ நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்' படத்தில் நடித்தார். அதில் கையில் சீட்டே இல்லாமல், எதிரில் ஆளும் இல்லாமல், தனியாக உட்கார்ந்து ஒரு முழு போக்கர் ஆட்டத்தையும் முகத்தாலும் விரலாலும் ஆடிக்காட்டுவார். சீட்டை எடுப்பது, ஓரக்கண்ணால் அடுத்தவனை அளப்பது, நல்ல கை வந்துவிட்ட மகிழ்ச்சியை மறைப்பது, கடைசியில் தோற்பது என்று எல்லாமே அதில் உண்டு. இந்த ஊமை ஆட்டம் வில்லியம்ஸின் சொத்து, ஹாவெஸ் எழுதியதல்ல. ஆனால் ஒரே கலைஞரிடம் ஒரே சங்கதி பாட்டாகவும் ஊமைக் காட்சியாகவும் நின்றது என்பது கவனிக்கத்தக்கது.

1910-களின் நடுவிலிருந்து வாடெவில் ஆட்கள் படத்துக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். பெற்றோருடன் சிறுவயதிலிருந்து மேடையில் உருண்டு விழுந்து வளர்ந்த கீட்டன் 1917-இல் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படங்களில் சேர்ந்தார். ஆர்பக்கிளின் 'பேக் ஸ்டேஜ்' (1919), 'தி கராஜ்' (1920) ஆகியவற்றின் கதைப்பொறுப்பு ஹாவெஸிடம் இருந்தது. இரண்டிலும் கீட்டன் நடித்தார். இருவரின் பழக்கத்துக்கு இந்தக் காலமே அடித்தளம்.

அடுத்த கட்டம் ஹெரால்ட் லாயிட். 1922-இல் வந்த 'கிராண்ட்மாஸ் பாய்' கதையில் ஹால் ரோச், சாம் டெய்லர் ஆகியோருடன் ஹாவெஸின் பெயரும் இருக்கிறது. கோழையான பேரனிடம் பாட்டி ஒரு பொருளைக் கொடுத்து, உள்நாட்டுப் போரில் தாத்தாவுக்கு வீரம் தந்த தாயத்து இது என்கிறாள். அதை நம்பிப் போய் வில்லனைப் பிடித்துவருகிறான் பேரன். பிறகுதான் தெரிகிறது, அது பாட்டியின் குடைக் கைப்பிடி. ஒரு பொருள், அதன்மேல் ஒரு பொய், அந்தப் பொய்யால் ஒரு மனமாற்றம். வசனத்தால் சொல்ல வேண்டியது இதில் மிகக் கொஞ்சம். இரண்டு சுருளாகத் தொடங்கிய படம் ஐந்து சுருளாக வளர்ந்ததற்குக் காரணம் இந்தக் கட்டுமானம்தான். சிரிக்கவைப்பதற்கு மட்டுமே இருந்த குறும்படம் கதை சொல்லும் முழுநீளப் படமானபோது, விழுந்து எழத் தெரிந்தவர்களோடு நிலைமையை அமைக்கத் தெரிந்தவர்களும் தேவைப்பட்டார்கள்.

கீட்டனின் கதை இலாகாவில் ஹாவெஸ் செய்த வேலையை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அங்கே திரைக்கதைப் பிரதி என்று ஒன்று இருந்ததில்லை என்று கீட்டன் பலமுறை சொல்லியிருக்கிறார். தொடக்கமும் முடிவும் பேசி முடிவாகும். நடுப்பகுதி தானே அமைந்துகொள்ளும். 'அவர் ஹாஸ்பிடாலிட்டி' ஹேட்ஃபீல்ட், மெக்காய் குடும்பங்களின் உண்மைப் பகையைத் தழுவியது. பகைவீட்டுப் பெண்ணைத் தெரியாமல் விரும்பி அந்த வீட்டுக்கே விருந்துக்குப் போகிறான் நாயகன். வீட்டுக்குள் இருக்கும்வரை விருந்தாளியைக் கொல்லக் கூடாது என்பது அவர்கள் மரபு. இந்த ஒரு விதி போதும். வாசற்படி உயிருக்கும் சாவுக்கும் எல்லையாகிவிடுகிறது. அவன் கிளம்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு சாக்கும், உணவு மேசையில் பிரார்த்தனையின்போது தலை குனிந்தபடியே ஒருவரையொருவர் நோட்டம் விடுவதும் விளக்கமே இல்லாமல் புரிகின்றன.

'தி நேவிகேட்டர்' (1924) பிறந்த விதம் வேறு. முதலில் கிடைத்தது கப்பல். உடைப்புக்குப் போகவிருந்த 'புஃபோர்ட்' என்ற பழைய கப்பலைக் கீட்டனின் தொழில்நுட்பத் தலைவர் ஃபிரெட் கபூரி கண்டுபிடித்தார். இதற்குள் எதை வைப்பது என்ற கேள்விக்கு, தேநீர்கூடப் போடத் தெரியாத பணக்காரப் பிள்ளைகள் இருவரை ஆளில்லாத கப்பலில் மிதக்கவிடலாம் என்று வழி காட்டியவர் ஹாவெஸ் என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. படத்தின் சமையலறைக் காட்சியைப் பார்த்தால் போதும். நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் அண்டாக்கள், சாப்பிட இருவர். பெரிய பாத்திரத்தில் கடல்நீரை ஊற்றி, அரைக்காத காப்பிக்கொட்டை நாலைந்தை எண்ணிப் போடுகிறாள் நாயகி.

'செவன் சான்சஸ்' மேடைக்கும் படத்துக்கும் உள்ள தூரத்தை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ராய் கூப்பர் மெக்ரூ எழுதி 1916-இல் மேடையேறிய வசன நாடகம் இது. படத்தில் நாயகன் குறிப்பிட்ட ஒரு நாள் மாலை ஏழு மணிக்குள் திருமணம் செய்தால் அவனுக்கு எழுபது லட்சம் டாலர் சொத்து. அவனை மணக்க வந்த பெண்கள் கூட்டமாகத் துரத்தும் மலைச்சரிவுக் காட்சி, முன்னோட்டக் காட்சியில் சுமாராகத்தான் எடுபட்டது. ஆனால் கீட்டனின் கால் தற்செயலாகத் தட்டிவிட்ட கற்கள் உருண்டு அவரைத் துரத்தியபோது அரங்கில் சிரிப்பு வெடித்தது. திரும்பிப் போய்ப் பொய்ப்பாறைகளை நூற்றுக்கணக்கில் செய்து, மலையே துரத்துவதுபோல எடுத்தார்கள். வாடெவிலில் தினம் இரண்டு காட்சி ஆடிச் சரக்கைச் செப்பனிட்ட பழக்கமே முன்னோட்டக் காட்சியாக இங்கே தொடர்ந்தது. படம் மார்ச் 1925-இல் வெளிவந்தது. ஹாவெஸ் அதற்கு முந்தைய மாதமே காலமாகிவிட்டார்.

பாட்டை எழுதி அச்சிட்டால் அது எழுத்தாளரின் பெயரில் இருக்கும். கதை இலாகா அறையில் வாயால் சொன்ன யோசனை, படமானபின் ஸ்டூடியோவுக்குச் சொந்தம். முத்திரையிட்ட உறை இங்கே இல்லை. 1912-இல் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தைத் தனி வகையாக ஏற்றபோதும் காக்கப்பட்டது படமே; அறையில் பேசிய பேச்சல்ல. இதன் விலையைக் கொடுத்தவர் ஹாவெஸின் இளைய கூட்டாளி பிரக்மன். விளையாட்டுச் செய்தியாளராக இருந்து வந்தவர். 1926-இல் 'தி ஜெனரல்' படத்தைக் கீட்டனோடு சேர்ந்து இயக்கியவர். 1940-களில் வாய்ப்புக் குறைந்து, தாம் முன்பு பணிபுரிந்த படங்களின் சிரிப்புக் காட்சிகளையே புதிய படங்களில் திரும்பப் போட்டார். அவரைப் பொறுத்தவரை அவை தொழிலின் பொதுச்சொத்து. ஹெரால்ட் லாயிட் அப்படி நினைக்கவில்லை. 1932-இல் பிரக்மன் பெயரில் இயக்கப்பட்ட லாயிட்டின் 'மூவி கிரேசி'யிலிருந்து தொடர்ச்சியாக 57 காட்சித்துண்டுகள் யுனிவர்சலின் ஒரு படத்தில் எடுத்தாளப்பட்டதை 1947-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்து, 40,000 டாலர் இழப்பீட்டையும் ஏற்றது. அதன்பின் பிரக்மனுக்குப் பெரிய படங்கள் அமையவில்லை. 1955 ஜனவரியில் கீட்டனிடம் கடன் வாங்கிய துப்பாக்கியால் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தத் தீர்ப்புக்கு முந்தைய ஆண்டு, 1946-இல், 'போக்கர் கிளப்' பாட்டை ஃபில் ஹாரிஸ் புதிதாகப் பாடி மீண்டும் வெற்றிபெறச் செய்தார். பாட்டாசிரியர்களில் ஹாவெஸின் பெயர் அப்போதும் இருந்தது. மௌனப்பட எழுத்தாளர்களின் வரலாற்றை ஆராய முனைபவர்கள், எழுதப்படவே இல்லாத திரைக்கதைகளை ஸ்டூடியோக் கோப்புகளில் தேடுவதற்கு முன் 1947 வழக்கின் தீர்ப்பைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.