மாருதி 800 இன்ஜின்ல ஒரு ரேஸ் கார்

இன்னிக்கு கருமத்தம்பட்டியில வீட்டுல உக்காந்தே சிம் ரேஸிங்ல கார் விங்கோட சாய்வை மாத்திப் பார்க்கலாம். சரியா வரலைன்னா ரீஸ்டார்ட். 1980-கள்ல, பக்கத்துல கோவையில எஸ். கரிவரதன் அதையெல்லாம் நிஜ இரும்புலதாங்க செஞ்சு பார்த்தார்.

அவரோட ஃபார்முலா மாருதியில இருந்தது நம்ம மாருதி 800-ஓட 796 சிசி இன்ஜின். வேகம் ரெண்டு மடங்கானா காற்றோட தடை நாலு மடங்காகும். சின்ன இன்ஜினுக்கு அது பெரிய சுமை; தாழ்வான, ஒல்லியான ஒத்தை சீட் காருக்கு அங்கதான் லாபம். இன்ஜின் உள்ளூர்லயே கிடைச்சதால செலவும் கம்மி.

அந்தக் கார்ல ரேஸ் பழகின கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995-ல விமான விபத்துல இறந்துட்டார். செட்டிபாளையம் டிராக் இப்போ அவர் பேர்லதான் இருக்கு.