தேனீ மகரந்தம்: ஆக்சிஜனேற்றத் தடுப்பும் நுண்ணுயிர் எதிர்ப்பும்

வேலைக்காரத் தேனீக்கள் பூக்களிலிருந்து திரட்டி, பூந்தேனும் உமிழ்நீரும் சேர்த்து உருட்டிக் கூட்டுக்குக் கொண்டுவரும் மகரந்தம் தேனீ மகரந்தம் எனப்படுகிறது. பூவில் புரளும் தேனீயின் உடல் மயிர்களில் தூள் ஒட்டிக்கொள்கிறது. தேனீ அதைக் கால்களால் வழித்து, ஈரப்படுத்தி, பின்னங்கால்களின் வெளிப்புறத்தில் உள்ள மகரந்தக் கூடைகளில் அழுத்தி வைக்கிறது. காலுக்கு ஒன்றாக அமையும் இவ்வுருண்டைகள் மிளகைவிடச் சிறியவை. மேற்கத்தியத் தேனீ வளர்க்கும் பெட்டியின் வாயிலில் சுமார் 5 மி.மீ. துளைகள் கொண்ட பொறியைப் பொருத்தினால், தேனீ நுழையும்போது உருண்டைகள் உரசப்பட்டு அடித்தட்டில் விழும். கூட்டிலுள்ள புழுக்களின் வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் இதிலிருந்தே கிடைப்பதால், பொறியை இடைவெளி விட்டே வைக்க வேண்டும்.

இதன் சேர்மானம் செடிக்குச் செடி மாறுகிறது. புரதம் மட்டுமே ஏறத்தாழ 10 முதல் 40 விழுக்காடு வரை வேறுபடும். மருத்துவ ஆர்வத்தைத் தூண்டியவை, அளவில் குறைவாக உள்ள பீனால் வகைச் சேர்மங்கள். குவெர்செடின், கேம்ஃபெரால், ஐசோராம்னெட்டின் ஆகிய ஃபிளேவனாய்டுகள் பெரும்பாலும் சர்க்கரையுடன் பிணைந்த நிலையில் உள்ளன. ஸ்பெர்மிடினுடன் சினமிக் வகை அமிலங்கள் இணைந்த பீனாலமைடுகள், கரோட்டினாய்டுகள், வைட்டமின் ஈ ஆகியவையும் காணப்படுகின்றன. ஆண் இனச்செல்லைச் சுமக்கும் மகரந்தத்துக்குப் புற ஊதாக் கதிரிலிருந்து காப்பளிப்பது பீனால் சேர்மங்களின் பணிகளுள் ஒன்று.

பீனால் சேர்மங்கள் தனி உறுப்புகள் எனப்படும் வினைமிகு மூலக்கூறுகளுக்கு ஹைட்ரஜன் அணுவை அளித்து அவற்றின் வினைத்திறனை அடக்குகின்றன. ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் இரும்பு, செம்பு அயனிகளையும் பிணைத்துக்கொள்கின்றன. இத்திறனை அளக்க டிபிபிஎச் சோதனை பரவலாகப் பயன்படுகிறது. 1958-இல் பிளாய்ஸ் அறிமுகப்படுத்திய இம்முறையில், ஊதா நிற டிபிபிஎச் கரைசலில் மகரந்தச் சாற்றைச் சேர்த்ததும் நிறம் வெளிறி மஞ்சளாகிறது. எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு திறன். ஒரே கூட்டில் ஒரே நாளில் விழுந்த மஞ்சள் உருண்டைக்கும் கருஞ்சிவப்பு உருண்டைக்கும் இடையே இம்மதிப்பு பெரிதும் மாறக்கூடும். எனவே எந்தச் செடியினது என்று சொல்லாமல் "தேனீ மகரந்தத்தின் திறன்" என ஒற்றை எண்ணைத் தருவதற்குப் பொருளில்லை. சாறு எடுக்கும் கரைப்பானும் முடிவை மாற்றும். நீர் கலந்த எத்தனால் வெறும் நீரைவிடப் பொதுவாக அதிகப் பீனாலைப் பிரித்தெடுக்கிறது.

நுண்ணுயிர் எதிர்ப்பைக் காண, கிருமி பரப்பிய ஊடகத்தட்டில் சாறு நனைத்த காகித வில்லையை வைப்பர். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் தோன்றினால் எதிர்ப்பு உண்டு. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், பேசில்லஸ் செரியஸ் போன்ற கிராம் நேர் பாக்டீரியாக்கள் எளிதில் கட்டுப்படுகின்றன. ஈ. கோலை, சால்மோனெல்லா போன்ற கிராம் எதிர் வகைகளுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு இருப்பதால் அவை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. கேண்டிடா பூஞ்சைக்கு எதிராகவும் சில சாறுகள் செயல்படுகின்றன. பீனால்கள் செல் சவ்வைச் சிதைப்பது இதற்கு முதன்மைக் காரணம். தேனீயின் சுரப்பிலுள்ள குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி உருவாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கும் பங்குண்டு. ஆயினும் தேனீப் பிசினான புரோபோலிஸ் இதைவிட வலிமையானது.

இந்த எதிர்ப்பு மகரந்தத்தையே காத்துவிடுவதில்லை. புதிய உருண்டையில் நீர் சுமார் 20 முதல் 30 விழுக்காடு இருப்பதால் விரைவில் பூஞ்சணம் பிடித்து, நச்சும் உருவாகலாம். ஆகவே சேகரித்த உடனே சுமார் 40 பாகை செல்சியசுக்கு மிகாத வெப்பத்தில் உலர்த்த வேண்டும். சூடு மிகுந்தால் பயனுள்ள சேர்மங்கள் சிதையும்.

சோதனைக்குழாயில் கண்ட திறன் உடலுக்குள் அப்படியே தொடரும் என்று கொள்ள முடியாது. மகரந்த மணியின் புறவுறை ஸ்போரோபோலெனின் என்னும் மிகக் கடினமான பொருளால் ஆனது; செரிமான நீர்களுக்கு அது எளிதில் இளகாது. உறிஞ்சப்படும் ஃபிளேவனாய்டுகளையும் கல்லீரல் விரைவில் மாற்றிவிடுகிறது. கூட்டின் அறைகளில் லாக்டிக் அமில நொதிப்புக்கு உள்ளாகும் மகரந்தமான தேனீ ரொட்டி ஓரளவு எளிதாகச் செரிக்கும் எனக் கருதப்படுகிறது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு. நோய் தீர்க்கும் மருந்தாக இதை விற்பதற்கு அவை போதிய ஆதாரமல்ல.

பூச்சிக்கொல்லி எச்சமும், சில செடிகளின் மகரந்தத்தில் உள்ள கல்லீரலைத் தாக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகளும் கலந்திருக்கக்கூடும். மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சிறிதளவு உட்கொண்டாலே அது உயிருக்கு ஆபத்தான எதிர்வினையை உண்டாக்கலாம். இரத்தம் உறையாமைக்கு வார்ஃபரின் உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது.