அடைப்புக்குறிக்குள் பொறுப்பு: புதுச்சேரிக் கொம்யூன்களும் 243-இ பிரிவின் வாசிப்பும்

புதுச்சேரி உள்ளாட்சி பற்றிய எழுத்துகளில் ஒரு கருத்து கேள்வியின்றி வழங்கிவருகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாவிட்டாலும் பொறுப்புடைமை குறைவதில்லை. பல ஊர்களைக் கொண்ட கொம்யூன் பஞ்சாயத்தின் ஆணையர் உள்ளாட்சித் துறைக்கும், துறை அமைச்சருக்கும், அமைச்சர் சட்டமன்றத்துக்கும் பதில் சொல்கிறார். சங்கிலி அறவில்லை என்பது அதன் சாரம். அறவில்லைதான். ஆனால் அதன் எந்தக் கண்ணியும் ஊர்ப்பக்கம் இல்லை.

இக்கருத்தினருக்கு ஆதாரம் அரசியலமைப்பின் 243-இ பிரிவு. அதன் முதல் உட்பிரிவு ஊராட்சியின் ஆயுளை ஐந்தாண்டோடு நிறுத்துகிறது. வரம்பு மன்றத்துக்குத்தான், மன்றம் முடிந்தபின் அதன் இடத்தில் அமரும் தனி அலுவலருக்கு இல்லை என்கிறார்கள். முதல் உட்பிரிவோடு படிப்பை முடித்துக்கொண்டால் இது பொருந்தும். மூன்றாவது உட்பிரிவு இடம் கொடுக்காது: பதவிக்காலம் முடியுமுன்பே தேர்தல் நடந்து முடிய வேண்டும், இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள். எஞ்சிய காலம் ஆறு மாதத்துக்கும் குறைவானால் தேர்தல் தேவையில்லை என்னும் விலக்கிலும் அளவுகோல் அதே ஆறு மாதம்தான். எனவே அலுவலரின் பெயரைச் சொல்லாமலே இப்பிரிவு அவருடைய நாளை எண்ணிவைத்திருக்கிறது என்பது என் வாசிப்பு. இயல்பான முடிவில் அவருக்கு ஒருநாள்கூட இல்லை. நகராட்சிகளுக்கான இணைப்பிரிவை 2006-இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் படித்த விதமும் இதற்கு அரணாகும்.

புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அம்மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் இடஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோனது.

தொழிற்பேட்டை ஊரான சேதராப்பட்டில் ஒரு தெருவின் வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மனுவோடு வில்லியனூர் கொம்யூன் அலுவலகம் போகிறவருக்கு முத்திரையும் தேதியும் கிடைக்கும். எவ்வளவு செலவானது என்று கேட்டால் கோப்பு பதில் சொல்லும். அதில் அலுவலர் நேர்மையானவராகவே இருக்கலாம். 'எங்கள் தெருவை விட்டுவிட்டு அந்தத் தெருவை ஏன் முதலில் எடுத்தீர்கள்?' என்ற கேள்விக்குக் கோப்பில் பதில் இராது. அது கணக்கு அன்று, தேர்வு. தேர்வுக்குப் பதில் சொல்ல வேண்டிய வார்டு உறுப்பினரை டீக்கடையிலேயே மடக்கலாம்; ஐந்தாண்டுக்கு ஒருமுறை தோற்கடிக்கலாம். ஆணையரை இடமாற்றம் செய்யத்தான் முடியும், அதுவும் ஊராரால் அன்று.

முப்பது சட்டமன்ற உறுப்பினர்களும் தொகுதி மக்களுக்கு எட்டும் தூரத்தில்தானே இருக்கிறார்கள் என்பர். எட்டுகிறார்கள், ஆனால் கொம்யூனின் வரவு செலவில் கையொப்பமிடுவது அவர்கள் அல்லர். இடஒதுக்கீட்டுக் கணக்கெடுப்பு முடியட்டும் என்ற வாதத்துக்கும் 2022-இல் சுரேஷ் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை சொல்லியாயிற்று: அதற்காகத் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது. அலுவலர் ஆட்சியில் கட்சிச் சண்டை இல்லை என்பது வாதமே அன்று.

நம் அலுவலகத் தமிழில் 'பொறுப்பு' என்ற சொல் பதவிப்பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் வந்தால், நிரந்தரமாக ஒருவர் வரும்வரை என்றே பொருள். கொம்யூன்களின் அலுவலர் ஆட்சிக்கும் அரசியலமைப்பு இட்டிருப்பது அந்த அடைப்புக்குறிதான். மன்றங்கள் முடிந்த 2011-லிருந்து அது மூடப்படவே இல்லை.