வளரி: கையோடு மறைந்த கலை

சிவகங்கைச் சீமையார் கையாண்ட படைக்கலங்களுள் வளரி என்னும் வளைதடியும் ஒன்று. வன்மரத்தினாலோ இரும்பினாலோ பிறைவடிவிற் செய்யப்பெற்ற அதன் ஒருமுனை பாரமானது, வெளிவிளிம்பு கூரியது. பாரங்குறைந்த முனையைப் பற்றித் தோளின்மேற் சிலமுறை சுழற்றி, விசையேறியபின் வீசுவர். அவுஸ்திரேலியாவின் மீள்தடி எறிந்தவனிடமே திரும்பும். வளரியோ இலக்கை வீழ்த்துதற்கே அமைந்தது.

மதுரையிற் பணியாற்றிய இளமைக்காலத்திற் சின்னமருதுவே தமக்கு இவ்வெறிகலையைக் கற்பித்தார் என்றும், தேர்ந்த கை 100 யார் வரை குறிதவறாது என்றும் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்சு 1830இல் வெளிவந்த தம் நினைவுநூலில் எழுதினார். 1801இல் அம்மாணவர் தம் ஆசிரியரை எதிர்த்த படையில் நின்றார். ஒக்டோபர் 24இல் ஆசிரியர் திருப்பத்தூரிற் தூக்கிலிடப்பட்டார். டிசெம்பரில் மக்கள் படைக்கலம் ஏந்துதற்கும் தடை பிறந்தது.

தடிகள் அரும்பொருட்சாலைகளில் உள. எறியுங் கையோ இல்லை. அதன் வன்மையைப் பகைவர் எழுத்தாலன்றோ அறிகின்றோம்! எம் வன்னிக்காட்டில் தேனெடுப்போர் கைப்பழக்கத்தையேனும் மாணவர் இன்றே கேட்டெழுதுவாராக.