கதருக்கு விதி, தீண்டாமைக்கு வேண்டுகோள்

1924 டிசம்பரில் பெல்காமில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் காந்தி. அவர் தலைமையேற்ற ஒரே காங்கிரஸ் மாநாடு அதுதான். அங்கே உறுப்பினர் சந்தா காசாக அல்ல, நூலாகக் கேட்கப்பட்டது. மாதம் 2,000 கெஜம் கைநூல் கொடுக்க வேண்டும். காங்கிரஸ் நிகழ்ச்சிகளுக்குக் கதர் உடுத்தி வரவேண்டும். நூற்க விருப்பமில்லாதவர்கள் வேறொருவர் நூற்றதை வாங்கிக் கொடுக்கலாம்.

அந்நாளின் நிர்மாணத் திட்டத்தில் மூன்று முக்கியமான பணிகள் இருந்தன: கதர், இந்து முஸ்லிம் ஒற்றுமை, தீண்டாமை ஒழிப்பு. மூன்றில் கதர் மட்டுமே உறுப்பினர் விதியானது. தீண்டாமை ஒழிப்பு வேண்டுகோளாகவே நின்றுவிட்டது.

கதரின் வலிமையை நாம் மறுக்கவில்லை. இங்கிருந்து பஞ்சை எடுத்துப்போய் லங்காஷயரில் துணியாக்கி நம்மிடமே விற்ற வணிகத்தை, ஆயுதம் தொடாமல் எதிர்க்க அது வழி காட்டியது. கிராமத்து ஏழைப் பெண்களுக்கு நாலு காசும் கிடைத்தது. ஆனால் தற்சார்பு என்ற சொல்லுக்குள் யாருடைய உழைப்பு இருந்தது, யாருடைய மானம் இல்லை என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ராட்டை தேசியச் சின்னமாவதற்கு வெகுகாலம் முன்பே தறியோடு வாழ்ந்தவர்கள் நம் மக்கள். குஜராத்தின் வன்கர்கள், ராஜஸ்தான், கட்ச் பகுதிகளின் மேக்வால்கள், விதர்பாவின் மகர்கள், தமிழகத்தின் கோலியர்கள் எனப் பட்டியல் நீளும். ஊருக்கான முரட்டுத் துணியை அவர்கள் நெய்தார்கள். அந்தத் துணியை உடுத்திய ஊர், அதை நெய்த கையைப் பொதுக்கிணற்றைத் தொட விடவில்லை.

ஆலைகள் வந்தபிறகும் இது மாறவில்லை. பம்பாய் பஞ்சாலைகளில் கூலி கூடுதலான நெசவுப் பிரிவில் தீண்டப்படாத தொழிலாளர்களுக்கு இடமில்லை. நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் நாளை இன்னொருவர் வாய் வைப்பார். அதனால் தீட்டு என்று தடுத்தவர்கள் முதலாளிகள் மட்டுமல்ல, உடன் உழைத்த சாதி இந்துத் தொழிலாளர்களும்தான். 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையாக்கச் சொல்லித் தொழிற்சங்கத் தலைவர்களிடம் போராடியவர் அண்ணல் அம்பேத்கர்.

அவர் கோட்டு சூட்டு அணிந்ததைக் கதரோடு ஒப்பிட்டுக் குறை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் 1930ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். நாடு உப்புக்காகச் சிறை சென்ற அதே ஆண்டு, இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, நகை போடக்கூடாது என்று அந்தப் பட்டியல் போகும். மேலாடையைத் தானே துறப்பது தியாகம். உடுத்தவே விடாமல் தடுக்கப்பட்டவனுக்கு முழுச் சட்டையே போராட்டம். 1927 மகத் மாநாட்டில் கூடிய பெண்களிடம், சாதி இந்துப் பெண்களைப்போலவே சேலை கட்டுங்கள் என்று அம்பேத்கர் சொன்னதும் இதனால்தான்.

1931 ஆகஸ்டில் பம்பாய் மணிபவனில் காந்தியை அவர் சந்தித்தார். தீண்டாமையை ஒழிக்கக் காங்கிரசுக்கு உண்மையான அக்கறை இருந்தால், கதரைப்போலவே அதையும் உறுப்பினராவதற்கு நிபந்தனையாக்கியிருக்கும் என்று நேருக்கு நேர் சொன்னார். வீட்டில் ஒரு தீண்டப்படாதவருக்கு வேலையோ ஒரு மாணவருக்கு ஆதரவோ தராதவருக்கு உறுப்பினர் தகுதி இல்லை என்று விதித்திருக்கலாம் என்பது அவர் வாதம்.

அதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பார்கள். நூல் சந்தாவும்தான் ஒத்துவரவில்லை. 1925 செப்டம்பரில் பாட்னாவில் கூடி, ஆண்டுக்கு நாலணா கொடுத்தாலும் போதும் என்று தளர்த்திவிட்டார்கள். ஆனால் நூலுக்காக ஒருமுறையாவது விதி போட்டுப் பார்த்தார்கள். நமக்காக அதைக்கூடச் செய்யவில்லை.

சமூகநீதி பேசாத மேடை இன்று தமிழ்நாட்டில் இல்லை. அந்த மேடைகளின் உறுப்பினர் படிவத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று கேட்போம். சேரியில் தண்ணீரை மறிப்பவரும், காதலித்த பிள்ளைகளைப் பிரிக்கப் பஞ்சாயத்து கூட்டுபவரும் கட்சி அட்டையோடு உலவ முடிகிறது என்றால், அங்கேயும் நமக்குக் கிடைத்திருப்பது வேண்டுகோள் மட்டும்தான்.