கம்பளை விவாதமும் அதன் பின்னும்: கண்டிப் பிரதேசத்துக் கிறித்தவ இறையியற் சிந்தனை பற்றிய ஒரு நோக்கு

1871ஆம் ஆண்டில் கம்பளையில் பௌத்தருக்கும் கிறித்தவருக்குமிடையே பகிரங்க விவாதமொன்று நடைபெற்றது. பௌத்தர் தரப்பில் வாதிட்டவர் மீகெட்டுவத்தே குணானந்த தேரர். 1873இல் அவர் பங்குகொண்ட பாணந்துறை விவாதம் பெரும்புகழ் எய்தியமையாற் கம்பளை விவாதம் அதன் முன்னோடியாக மட்டுமே நூல்களிற் குறிப்பிடப்படுகின்றது. எனினும், கிறித்தவ இறையியல் நவீன சிந்தனையை எதிர்கொண்ட வரலாற்றை இப்பிரதேசத்தில் வைத்து ஆராய்வோர் கம்பளையிலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும்.

பாடசாலையும் அச்சகமும் மேனாட்டு அறிவியலும் தம்முடையனவே என்ற எண்ணம் மிஷனரிமாரிடம் இருந்தது. ஆனால் அதே காலத்தில் ஐரோப்பாவிலோ, 1859இல் வெளிவந்த டார்வினின் நூலும், பேராயர் கொலென்சோவின் விவிலிய ஆய்வும் திருச்சபையின் அடித்தளத்தையே அசைத்துக்கொண்டிருந்தன. நவீனம் இருமுனைக் கருவியாயிற்று. அச்சகத்தின் வலிமையை உணர்ந்த குணானந்தரும் 1862 முதல் அதனைத் தம் தரப்புக்குப் பயன்படுத்தினார்.

இவ்விவாதங்களில் ஆன்மா உண்டா, உலகம் படைக்கப்பட்டதா என்பன ஆராயப்பட்டன. கம்பளையைச் சூழ்ந்த மலைகளிற் கோப்பி பறித்த தமிழ்த் தொழிலாளரின் வாழ்வு அங்கு ஒரு வினாவாக எழவில்லை. அவர்களிடையே சமயப்பணி புரியவென 1854இல் தொடங்கப்பட்ட அமைப்பு 'தமிழ்க் கூலி மிஷன்' எனவே பெயர் பெற்றது. பெயரே போதிய சான்று! ஆன்மாவை மீட்க வந்தோர் கூலி என்ற சொல்லை ஐயுறவில்லை.

அவ்வினா எழுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. இடையில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் நவீன உலகுடன் உரையாடுமாறு கத்தோலிக்கரை அழைத்தது. பிலிமத்தலாவையில் 1963இல் நிறுவப்பட்ட இலங்கை இறையியற் கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் இறையியலைக் கற்பிக்கலாயிற்று. இச்சூழலில், 1972இல், இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் கண்டியிற் 'சத்தியோதய' நிலையத்தைத் தோற்றுவித்தார். இன, சமய வேறுபாடின்றிக் கூடிவாழ்ந்தே சமூகத்தை ஆராய முனைந்த முயற்சி அது. 1974இற் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகமும் உருவாயிற்று. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அவற்றை விளக்க மறைக்கல்வி நூல் உதவாது. கூலி, காணியுடைமை, குடியுரிமை ஆகியவற்றின் பகுப்பாய்வு தேவைப்பட்டது. மார்க்சியத்துக்கு அஞ்சாது அதனிடமிருந்தும் கற்கவேண்டிய நிலை இறையியலாளருக்கு ஏற்பட்டமை இவ்வாறே.

எனவே இங்கு நிகழ்ந்த இணக்கம், ஆதியாகமத்தைப் பரிணாமக் கொள்கையுடன் பொருத்தும் ஐரோப்பிய இணக்கமன்று. இயற்கை விஞ்ஞானத்தின் இடத்தைச் சமூக விஞ்ஞானம் பெற்றது.

அதற்கும் எல்லை உண்டு. 1971இற் கொழும்பிற் சமூக, சமய நிலையத்தைத் தொடங்கிய திஸ்ஸ பாலசூரிய அடிகளார் நற்கருணையையும் மானிட விடுதலையையும் இணைத்து எழுபதுகளில் எழுதினார். அதன் பின்னும் அவர் துறவியாகவே பணியாற்றினார். 1990இல் மரியாளைப் பற்றி எழுதிய நூலிற் பிறவிப்பாவக் கோட்பாட்டை வினவியபோதோ நிலைமை வேறாயிற்று. 1997 ஜனவரியில் அவர் திருச்சபையினின்று விலக்கப்பட்டார். 1998 ஜனவரியிலேயே அத்தடை நீங்கியது.