துண்டான விரலை ஒட்ட வைப்பது யார்? 'கை' டாக்டர் ஆக எத்தனை வருஷம் படிக்கணும்?

பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவரின் விரல் துண்டாகிவிட்டது. ஆம்புலன்ஸும் வந்தாச்சு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? பெரிய ஆஸ்பத்திரி என்பதற்காக எல்லா இடத்திலும் விரலை ஒட்ட வைத்துவிட முடியாது. அதற்கென்றே பயிற்சி எடுத்த டாக்டர் இருக்கணும்.

ஏன் தனிப் பயிற்சி?

எலும்பு முறிந்தால் எலும்பு டாக்டர், தோல் போனால் பிளாஸ்டிக் சர்ஜன். ஆனால் விரல் துண்டாகும்போது எலும்பு, தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய், தோல் எல்லாமே ஒன்றாக அறுந்திருக்கும். இத்தனையையும் சரிசெய்யத் தெரிந்தவர்தான் கை அறுவை சிகிச்சை நிபுணர்.

இதில் கஷ்டமானது ரத்தக்குழாய். விரலில் அதன் அகலம் சுமார் 1 மி.மீ.தான். தைக்கும் நூல் தலைமுடியை விட மெல்லிசு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் தைக்கணும். அதில் கையின் லேசான நடுக்கம்கூட பெரிய ஆட்டமாகத் தெரியும். அதனால் எடுத்த உடனே நோயாளியிடம் விடமாட்டார்கள். முதலில் ரப்பர் கையுறையைக் கீறித் தைத்துப் பழகணும். அடுத்து கோழிக்கால் ரத்தக்குழாய். ஆமா, நம்ம சிக்கன் லெக் பீஸ்தான்!

எத்தனை வருஷம்?

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம். எலும்பியல் அல்லது பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். 3 வருஷம். பிறகு நீட் எஸ்.எஸ். எழுதி எம்.சிஎச். கை அறுவை சிகிச்சை, இன்னும் 3 வருஷம். தேசிய தேர்வு வாரியத்தின் 2 வருஷ எஃப்.என்.பி. படிப்பு இன்னொரு வழி. எப்படிப் பார்த்தாலும் 10 வருஷத்துக்கு மேல்.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்க வைக்கும் முறையை 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கியவர் டாக்டர் பால் பிராண்ட். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவை உருவாக்கியவர் டாக்டர் ஆர்.வெங்கடசாமி. கோவை கங்கா மருத்துவமனைக்கு வெளிநாட்டு டாக்டர்களே பயிற்சிக்கு வருகிறார்கள்.

துண்டான விரலை எப்படிக் கொண்டு போகணும்?

எவ்வளவு படித்த டாக்டராக இருந்தாலும், விரல் கெடாமல் வந்தால்தான் ஒட்ட முடியும். பலரும் செய்யும் தப்பு, விரலை நேராக ஐஸில் போடுவது. அப்படிப் போட்டால் திசு உறைந்து வீணாகிவிடும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வைக்கணும். காயத்தைச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடிக்கணும். 108-க்குப் போன் பண்ணும்போதே "விரல் துண்டாகிடுச்சு" என்று சொல்லிவிடுங்கள்.